நைட் வாட்ச்மேன்: பொழுது சாயும் நேரத்து பேட்ஸ்மேன்

2025 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய ஐந்தாவது டெஸ்டின் இரண்டாம் நாள் ஆட்டம் முடியும் தறுவாயில், இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் சாய் சுதர்சன் ஆட்டமிழந்தார். வழக்கமான வரிசைப்படி அடுத்து இறங்க வேண்டியவர் கேப்டன் சுப்மன் கில். அந்தத் தொடரில் 700 ரன்னைத் தாண்டியிருந்தவர் அவர். ஆனால் பெவிலியனிலிருந்து மட்டையோடு நடந்து வந்தவர், அதுவரை டெஸ்டில் ஓர் அரைசதம்கூட அடித்திராத வேகப்பந்து வீச்சாளர் ஆகாஷ் தீப். கிரிக்கெட்டை அண்மையில் பார்க்கத் தொடங்கிய ஒருவருக்கு இது விளங்காத செயலாகவே தோன்றும். நன்றாக ஆடத் தெரிந்தவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, பந்து வீசுவதற்காக அணியில் எடுக்கப்பட்டவரை ஏன் முன்னால் அனுப்ப வேண்டும்?

அன்றைய ஆட்டம் முடியச் சில ஓவர்களே இருக்கும்போது ஒரு விக்கெட் விழுந்தால், அடுத்து வர வேண்டிய முக்கிய பேட்ஸ்மேனுக்குப் பதிலாக இறக்கப்படும் பின்வரிசை வீரரைத்தான் நைட் வாட்ச்மேன் என்கிறோம். நாளிதழ்கள் இரவுக் காவலர் என்றும் எழுதுகின்றன. ரன் சேர்ப்பது அவருடைய பொறுப்பு அல்ல. மீதமுள்ள பந்துகளை ஆட்டமிழக்காமல் தாக்குப்பிடித்து, முக்கிய பேட்ஸ்மேன் மறுநாள் காலைவரை களத்துக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது. முடியாமல் போனால், அந்தப் பேட்ஸ்மேனின் விக்கெட்டுக்கு ஈடாகத் தன் விக்கெட் போவதை அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இந்த ஏற்பாட்டின் நியாயம் புரிய, டெஸ்ட் ஆட்டத்தின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து நாள் நடக்கும் டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் வீசப்பட வேண்டும் என்பது கணக்கு. மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடைவேளை விட்டு, ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும். மாலையில் ஸ்டம்புகளைப் பிடுங்கும்போது களத்தில் இருக்கும் இரு பேட்ஸ்மேன்களும் மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒருநாள் ஆட்டத்திலும் டி20 ஆட்டத்திலும் ஓர் இன்னிங்ஸ் அன்றைக்கே முடிந்துவிடுவதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டெஸ்டிலும், ரஞ்சிக் கோப்பை போன்ற பல நாள் ஆட்டங்களிலும் மட்டுமே இது உண்டு.

எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனாக இருந்தாலும் அவர் எளிதில் வீழ்த்தப்படக்கூடிய நேரம், களமிறங்கிய முதல் இருபது பந்துகள்தான். ஆடுகளத்தின் வேகம் என்ன, பந்து எவ்வளவு எழும்புகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் கண்ணுக்கும் காலுக்கும் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நண்பகலில் இறங்குபவர் இந்தக் கண்டத்தை ஒருமுறை கடந்தால் போதும். அதன் பிறகு பல மணி நேரம் அதன் பலனை அனுபவிக்கலாம். மாலை ஐந்தரை மணிக்கு இறங்குபவர் இதே கண்டத்தை இருமுறை கடக்க வேண்டும். அன்று மாலை பதினைந்து பந்துகளைச் சமாளித்துக் கண் பழகியிருந்தாலும், இரவு தூங்கி எழுந்து மறுநாள் காலை வரும்போது பழகியதெல்லாம் போயிருக்கும்; பந்துவீச்சாளர்களோ ஓய்வெடுத்துப் புதுத் தெம்போடு நிற்பார்கள்.

பந்துவீசும் அணியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் ஓடி வீச வேண்டியிருக்கும் வேகப்பந்து வீச்சாளர் தன் சக்தியைச் சிக்கனமாகத்தான் செலவிடுவார். இன்னும் மூன்று ஓவர்தான் வீச வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் வைக்கக் காரணம் இல்லை. ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் போடுவார். எதிரணி கேப்டனும் ரன் போவதைப் பற்றிக் கவலைப்படாமல் மூன்று ஸ்லிப், கல்லி, ஷார்ட் லெக் என்று மட்டையைச் சுற்றி ஆட்களை நிறுத்திவிடுவார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும், அல்லது மைதானக் கூரையின் நிழல் ஆடுகளத்தின் குறுக்கே விழுந்து, பந்து வெயிலிலிருந்து நிழலுக்குள் பாய்ந்து வரும். 80 ஓவர் முடிந்து இரண்டாவது புதிய பந்து எடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் கடினம். இவ்வளவையும் தாங்கி நின்றால் பேட்ஸ்மேனுக்குக் கிடைப்பது நான்கோ ஐந்தோ ரன். ஐந்து நாள் ஆட்டத்தில் அந்த ரன்னுக்கு மதிப்பு மிகக் குறைவு. இழக்கக்கூடியதோ, மறுநாள் அவர் அடித்திருக்கக்கூடிய அரைசதமோ சதமோ. பெறுவது இவ்வளவு குறைவாகவும் இழப்பது இவ்வளவு அதிகமாகவும் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், விலை குறைந்த விக்கெட்டை முன்னே வைப்பதுதான் நைட் வாட்ச்மேன் ஏற்பாட்டின் அடிப்படை.

விலை என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சராசரியாக 45 ரன் எடுக்கும் பேட்ஸ்மேன் ஒருவர், 10 ரன் எடுக்கும் பந்துவீச்சாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ட நேர முடிவில் 75 ரன்னுக்கு 3 விக்கெட் என்று ஸ்கோர்போர்டு காட்டுகிறது. விழுந்த மூன்றாவது விக்கெட் அந்தப் பேட்ஸ்மேனுடையதாக இருந்தாலும் பந்துவீச்சாளருடையதாக இருந்தாலும் பலகையில் தெரியும் எண் ஒன்றுதான். ஆனால் மறுநாள் ஆடுவதற்கு உள்ளே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதில் இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு. டெஸ்ட் ஆட்டத்தை விழுந்த விக்கெட்டுகளைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது, மிச்சமிருக்கும் விக்கெட்டுகளையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கிரிக்கெட் விதிகளில் நைட் வாட்ச்மேன் என்ற சொல்லே கிடையாது. பேட்டிங் வரிசையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் உரிமை கேப்டனுக்கு உண்டு. அந்தச் சுதந்திரத்தின் ஒரு பயன்பாடு மட்டுமே இது. விக்கெட் விழுந்த மூன்று நிமிடத்துக்குள் அடுத்தவர் பந்தைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். ஆகவே நாளின் கடைசி முக்கால் மணி நேரத்தில் வீரர்களின் அறையில் இருவர் ஒரே சமயத்தில் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்: உரிய பேட்ஸ்மேன் ஒருவர், நைட் வாட்ச்மேன் ஒருவர். எத்தனை ஓவர் மிச்சம் இருக்கும்போது விக்கெட் விழுந்தால் யார் போவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். எட்டு ஓவருக்கு மேல் இருந்தால் பேட்ஸ்மேன், அதற்குக் குறைவாக இருந்தால் நைட் வாட்ச்மேன் என்பது போல ஒவ்வோர் அணிக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது ஆடுகளத்தையும் பந்தின் வயதையும் பொறுத்தது.

யாரை அனுப்புவது என்பதில்தான் கேப்டனின் அறிவு வெளிப்படுகிறது என்பது என் கருத்து. கடைசி ஆளை அனுப்புவது எளிய வழி. பெரும்பாலும் தவறான வழியும்கூட. நைட் வாட்ச்மேனுக்குச் சிக்சர் அடிக்கத் தெரிய வேண்டியதில்லை, நேரான மட்டையோடு தடுத்து ஆடத் தெரிய வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடும் பொறுமை வேண்டும். மார்புயரத்துக்கு எழும்பும் பந்தைக் கண்டு கண்ணை மூடாத மனம் வேண்டும். எட்டாம் எண்ணில் இறங்கி ஓவருக்கு ஆறு ரன் அடிக்கக்கூடிய ஆல்ரவுண்டரைவிட, பத்தாம் எண்ணில் இறங்கி நாற்பது பந்து தடுத்து நிற்கக்கூடிய பந்துவீச்சாளர் இதற்கு ஏற்றவர்.

தேர்வு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை வான்கடே மைதானத்தில் 2024 நவம்பர் 1 மாலை நடந்தது பாடம். நியூசிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்டின் முதல் நாள். நியூசிலாந்தின் 235 ரன்னுக்குப் பதிலாக இந்தியா 1 விக்கெட்டுக்கு 78 என்று வசதியாக இருந்தது. அஜாஸ் படேலின் பந்தை ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப்போய் ஜெய்ஸ்வால் போல்டானார். நைட் வாட்ச்மேனாக வந்தவர் முகமது சிராஜ். வழக்கமாகப் பதினோராம் இடத்தில் ஆடுபவர். அடுத்த பந்திலேயே அவர் எல்பிடபிள்யூ. யாரைக் காப்பாற்ற அவரை அனுப்பினார்களோ அந்த விராட் கோலியே இப்போது இறங்க வேண்டியதாயிற்று. கோலி 4 ரன்னில் ரன் அவுட். அன்றைய ஆட்டம் முடிந்தபோது இந்தியா 4 விக்கெட்டுக்கு 86. நைட் வாட்ச்மேன் உடனே வீழ்ந்தால் இழப்பு அவரது விக்கெட்டோடு நிற்பதில்லை. சரிவு தொடங்கிவிட்டது என்ற எண்ணம் களத்திலும் அறையிலும் பரவிய பிறகு, அதே கடினமான நேரத்தில் பேட்ஸ்மேன் முன்பைவிட மோசமான மனநிலையோடு இறங்க நேர்கிறது. அந்த டெஸ்டை இந்தியா 25 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தோல்விக்கு இந்த ஒரு முடிவை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஆனாலும் 25 ரன் என்பது அந்த மாலையை நினைக்காமல் கடந்துவிடக்கூடிய இடைவெளி அல்ல.

களத்தில் இறங்கிய பின் நைட் வாட்ச்மேன் செய்வதைக் கவனித்துப் பார்ப்பவருக்கு டெஸ்ட் கிரிக்கெட்டின் நுணுக்கங்கள் பல ஒரே இடத்தில் கிடைக்கும். எதிர்முனையில் பெரும்பாலும் ஏற்கெனவே நிலைத்து ஆடிக்கொண்டிருக்கும் பேட்ஸ்மேன் ஒருவர் இருப்பார். அவர் எத்தனை பந்தைத் தானே ஆடுவது, எத்தனையை நைட் வாட்ச்மேனுக்கு விடுவது என்பது அவ்வளவு எளிதான முடிவு அல்ல. ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடி, அடுத்த ஓவரைத் தானே ஆடினால் புதியவரைக் காப்பாற்றலாம். ஆனால் அதே நிழலில் அதே புதிய பந்துக்குத் தன் விக்கெட்டைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். நைட் வாட்ச்மேனை வரவழைத்ததே பேட்ஸ்மேன்கள் இந்த நேரத்தில் ஆட்டமிழக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே எதிர்முனைக்காரர் அவருக்குக் குடைபிடிக்க வேண்டிய அவசியமில்லை, அவரவர் பந்தை அவரவர் ஆட வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 2022 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒரு மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பந்து மேலே எழும்பி கேட்ச் ஆவதற்குள் இரு பேட்ஸ்மேன்களும் ஒருவரையொருவர் கடந்துவிட்டால், நிலைத்து ஆடுபவர் அடுத்த பந்தைச் சந்திக்கலாம். இப்போது கேட்ச் ஆனால், ஓவர் முடிந்திருந்தால் ஒழிய, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். நைட் வாட்ச்மேன் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே ஓரமும் அடைபட்டுப்போயிற்று.

நேரத்தைக் கடத்துவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. கையுறையைச் சரிசெய்வது, ஆடுகளத்தில் இல்லாத மேட்டை மட்டையால் தட்டுவது, ஓவர்களுக்கு இடையே எதிர்முனைக்காரரோடு நீண்ட ஆலோசனை நடத்துவது எல்லாம் இன்னும் ஓர் ஓவர் வீசப்படுவதைத் தவிர்க்கத்தான். முழு நேர பேட்ஸ்மேன்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டின் மூன்றாம் நாள் மாலை, இங்கிலாந்தின் தொடக்க வீரர் ஸாக் கிராலி பும்ராவின் ஓவரில் திரும்பத் திரும்ப விலகி நின்றதில் ஒரே ஓவரோடு நாள் முடிந்தது. இந்திய வீரர்கள் கோபத்தோடு கைதட்டியபடி அவரைச் சூழ்ந்துகொண்டதைப் பலர் நேரலையில் பார்த்திருப்பார்கள். கடைசி ஆறு ஏழு நிமிடங்களுக்கு இரு தரப்பும் என்ன மதிப்புக் கொடுக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

அதே லார்ட்ஸ் டெஸ்டின் நான்காம் நாள் மாலை, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ஓவலில் இறங்கப்போகும் அதே ஆகாஷ் தீப்தான் நைட் வாட்ச்மேனாக வந்தார். 193 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா மூன்று விக்கெட்டுகளை இழந்திருந்தது. ரிஷப் பந்த் விரலில் காயத்தோடு உள்ளே காத்திருந்தார். ஆகாஷ் தீப் பத்துப் பந்துகளைத் தாக்குப்பிடித்தார். அன்றைய கடைசி ஓவரில் பென் ஸ்டோக்ஸ் அவரை போல்டாக்கினார். அத்துடன் நாள் முடிந்தது. 4 விக்கெட்டுக்கு 58. இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பந்த் அன்று மாலை களத்துக்கு வரவில்லை. மறுநாள் காலைதான் வந்தார். தன் விக்கெட்டைக் கொடுத்து அவர் விக்கெட்டைக் காப்பதுதான் ஒப்பந்தம், ஒப்பந்தம் நிறைவேறியது. இந்தியா மறுநாள் 170 ரன்னில் சுருண்டு 22 ரன்னில் தோற்றது வேறு கதை.

மாலையைத் தாண்டி நின்றுவிட்ட நைட் வாட்ச்மேன் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும்? புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. அவருடைய முதல் பணி முடிந்துவிட்டது. அடித்து ஆடி, பதினைந்து இருபது ரன் சேர்த்துவிட்டு ஆட்டமிழந்தால் போதும் என்பது ஒரு கட்சி. அவர் அதிக நேரம் ரன் எடுக்காமல் நின்றால் ஆட்டம் தேங்கும், எதிர்முனைக்காரரின் ஓட்டமும் தடைபடும் என்று அவர்கள் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிராக நைட் வாட்ச்மேனாக இறங்கிய குல்தீப் யாதவ் மறுநாள் 91 பந்துகள் வரை நின்று 27 ரன் எடுத்தார்; ஆனால் அவரோடு ஓடுவதில் ஏற்பட்ட குழப்பத்தில் கில் 91 ரன்னில் ரன் அவுட் ஆனார். சேர்ந்து ஓடிப் பழகாத இருவர் ஒன்றாக ஆடும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மறுகட்சி, நிற்கும் வரை நிற்கட்டும் என்பது. பந்து பழசாகும், வேகப்பந்து வீச்சாளர்கள் களைப்பார்கள், வெயில் ஏறினால் ஆடுகளம் எளிதாகும். அதற்குள் எத்தனை ஓவரை விழுங்க முடியுமோ அத்தனையும் பின்னால் வரும் பேட்ஸ்மேன்களுக்கு லாபம். நான் இந்தக் கட்சி. அதற்குக் காரணம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த ஒரு டெஸ்ட்.

2004 அக்டோபர். ரிக்கி பாண்டிங் காயத்தால் ஆடாத நிலையில் ஆடம் கில்கிறிஸ்ட் தலைமையில் வந்த ஆஸ்திரேலியா, முதல் இன்னிங்ஸில் அனில் கும்ப்ளேயின் சுழலில் 235 ரன்னுக்குள் அடங்கியது. இந்தியா, சேவாக்கின் 155 ரன் துணையோடு 376 எடுத்து, 141 ரன் முன்னிலை பெற்றது. மூன்றாம் நாள் மாலை ஆஸ்திரேலியா 145 ரன் எடுத்திருந்தபோது நான்காவது விக்கெட் விழுந்தது. அதாவது அவர்களுடைய முன்னிலை வெறும் 4 ரன், கையில் ஆறு விக்கெட், பந்து சுழன்றுகொண்டிருக்கிறது, கும்ப்ளேயும் ஹர்பஜனும் மாறி மாறி வீசுகிறார்கள். டேரன் லேமனும் மைக்கேல் கிளார்க்கும் உள்ளே இருக்க, டேமியன் மார்ட்டினோடு சேர வந்தவர் ஜேசன் கில்லெஸ்பி. உயரமான வேகப்பந்து வீச்சாளர்; பின்வரிசையில் ஆடுபவர்.

மாலையைத் தாக்குப்பிடித்தார். மறுநாள் காலை விரைவில் வீழ்த்திவிடலாம் என்றுதான் மைதானத்தில் இருந்த எல்லோரும் நினைத்திருப்பார்கள். கில்லெஸ்பி நீண்ட முன்காலை நீட்டி, மட்டையையும் பேடையும் ஒன்றாகச் சேர்த்து, பந்து சுழலத் தொடங்கும் இடத்திலேயே அதை அமுக்கினார். எட்டாத பந்தைத் தேடிப் போகவில்லை. வெளியே போனதைத் தொடவில்லை. மட்டையைச் சுற்றி நின்ற ஃபீல்டர்களின் கைக்குப் பந்து ஏறவே இல்லை. மதிய உணவு இடைவேளையும் கடந்தது. எதிர்முனையில் மார்ட்டின் தன் போக்கில் ரன் சேர்த்துச் சதம் கண்டார். இருவரும் சேர்ந்து 139 ரன் எடுத்த பிறகே பிரிந்தார்கள். மார்ட்டின் 104. கில்லெஸ்பி 165 பந்துகளைச் சந்தித்து எடுத்தது 26 ரன்.

பின்னர் கும்ப்ளே மீண்டும் வீழ்த்தத் தொடங்கி, அந்த டெஸ்டில் மொத்தம் 13 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 369 ரன்னில் ஆட்டமிழந்தது. இந்தியாவுக்கு இலக்கு 229. நான்காம் நாள் முடிவில் விக்கெட் இழப்பின்றி 19. இன்னும் 210 ரன், முழுதாக ஒரு நாள், பத்து விக்கெட். ஐந்தாம் நாள் சென்னையில் மழை கொட்டியது. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அந்தத் தொடரை ஆஸ்திரேலியா 2–1 என்று வென்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய மண்ணில் அவர்களுக்குக் கிட்டாதிருந்த வெற்றி. ஐப்பசி மழைதான் ஆட்டத்தைப் பறித்தது என்று நம் ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படுவது உண்மை. ஆனால் நான்காம் நாள் காலை கில்லெஸ்பி அரை மணி நேரத்தில் வீழ்ந்திருந்தால் மழைக்கு வேலையே இருந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாளைத் தின்று தீர்த்தவர் அவர்.

கில்லெஸ்பியின் பெயரைச் சொன்னதும் வேறோர் எண்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2006 ஏப்ரலில் சிட்டகாங்கில் வங்கதேசத்துக்கு எதிராக நைட் வாட்ச்மேனாக மூன்றாம் இடத்தில் இறங்கிய அவர், 425 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 201 ரன் எடுத்தார். மைக்கேல் ஹசியோடு 320 ரன் கூட்டணி. இரட்டைச் சதத்தை எட்டியது அவருடைய 31ஆவது பிறந்தநாளில். நைட் வாட்ச்மேன் ஒருவர் டெஸ்டில் எடுத்த ஒரே இரட்டைச் சதம் அது. அதன் பிறகு அவர் ஆஸ்திரேலியாவுக்காக இன்னொரு டெஸ்ட் ஆடவே இல்லை. சிட்டகாங் 201 ஓர் அதிசயம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நைட் வாட்ச்மேன் வேலை என்ன என்று கேட்பவருக்கு நான் காட்டுவது சேப்பாக்கத்து 26 ரன்னைத்தான்.

இந்த இடத்தில் சதம் கண்டவர்கள் மிகச் சிலர். 1962இல் லார்ட்ஸில் பாகிஸ்தானின் நசீம் உல் கனி எடுத்த 101தான் முதலாவது. 1977இல் பெர்த்தில் இந்தியாவுக்கு எதிராக 339 ரன் இலக்கைத் துரத்தியபோது ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் டோனி மான் 105 எடுத்தார். ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 1979இல் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சையது கிர்மானி ஆட்டமிழக்காமல் 101. தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சர் 1999இல் ஹராரேயிலும் டர்பனிலும் இருமுறை சதம் அடித்தார். கிர்மானியும் பவுச்சரும் பந்துவீச்சாளர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தடுப்பாட்டம் தெரிந்த விக்கெட் கீப்பரை மேலே அனுப்புவதும் இதில் ஒரு வகை.

சதத்தைத் தொடாமல் நின்றவர்களின் கதைகள் எனக்கு இன்னும் பிடித்தவை. 1999இல் எட்ஜ்பாஸ்டனில் நியூசிலாந்துக்கு எதிராக 208 ரன் இலக்கைத் துரத்தும்போது இறங்கிய இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் அலெக்ஸ் டியூடர், இலக்கு எட்டப்பட்டபோது 99 ரன்னோடு களத்தில் நின்றார். 2019இல் லார்ட்ஸில், அயர்லாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 85 ரன்னுக்குச் சுருண்ட இங்கிலாந்து, அன்று மாலை ஓர் ஓவருக்காகத் தொடக்க வீரராகவே சுழற்பந்து வீச்சாளர் ஜாக் லீச்சை அனுப்பியது. மறுநாள் அவர் 92 எடுத்தார். பின்னர் அயர்லாந்து 38 ரன்னில் ஆட்டமிழந்தது. ஆட்ட நாயகன் விருது லீச்சுக்கு. முதலில் சொன்ன ஓவல் டெஸ்டிலும் ஆகாஷ் தீப் மூன்றாம் நாள் 66 ரன் எடுத்தார். ஜெய்ஸ்வாலோடு 107 ரன் கூட்டணி. அந்த டெஸ்டை இந்தியா வென்றது 6 ரன் வித்தியாசத்தில். அவருடைய ரன்களில் ஏழு குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. ஆஸ்திரேலிய கேப்டனாக இருந்த ஸ்டீவ் வா நைட் வாட்ச்மேனை அனுப்புவதை விரும்பாதவர். பேட்ஸ்மேன் என்று அணியில் இருப்பவருக்குப் புதிய பந்தையும் மங்கிய ஒளியையும் சமாளிப்பதுதானே தொழில் என்பது இத்தரப்பின் வாதம். பின்வரிசை வீரர் மேலே போனால், ஒரு முக்கிய பேட்ஸ்மேன் ஓரிடம் கீழே தள்ளப்படுகிறார்; இன்னிங்ஸின் கடைசியில் துணைக்கு ஆள் இல்லாமல் அவர் தனித்து நிற்க நேரலாம். 2020 டிசம்பரில் அடிலெய்டில் நைட் வாட்ச்மேனாக வந்த பும்ரா மறுநாள் காலை முதல் ஆளாக ஆட்டமிழந்ததும், இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டதும் நமக்குத் தெரிந்ததே. அன்று அவர் காத்த பேட்ஸ்மேன்கள் காலையிலும் நிற்க முடியவில்லை. என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு மறுப்பு. நாள் முழுவதும் இருபது ஓவர் வீசிக் களைத்த வேகப்பந்து வீச்சாளரை, மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் தலையைக் குறிவைத்து வரும் பந்துக்கு முன் நிறுத்துவது நியாயமா? விரலில் அடிபட்டால் அடுத்த இன்னிங்ஸில் பந்து வீச ஆள் இருக்காது. இந்தக் காரணத்தால்தான் சுழற்பந்து வீச்சாளர்களை அனுப்புவதே நல்லது என்று எனக்குப் படுகிறது.

கேப்டனாக பென் ஸ்டோக்ஸும் பயிற்சியாளராக பிரெண்டன் மெக்கல்லமும் சேர்ந்து நடத்திய இங்கிலாந்து அணி இதைத் தலைகீழாக்கியும் பார்த்தது. தடுப்பதற்குப் பதிலாக, அந்த மாலை நேரத்தில் அடித்து ஆடி எதிரணியைக் குழப்பும் ஒருவரை இறக்குவது. அவருக்கு அவர்கள் வைத்த பெயர் நைட் ஹாக். 2022 டிசம்பரில் கராச்சியில் இளம் சுழற்பந்து வீச்சாளர் ரெஹான் அகமதுவும், 2023 பிப்ரவரியில் நியூசிலாந்தின் மவுண்ட் மாங்கனுயியில் ஸ்டூவர்ட் பிராடும் இந்த வேலைக்கு இறங்கினார்கள். பெரிய ஸ்கோர் எதுவும் வரவில்லை. ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்: அங்கும் பணயம் வைக்கப்பட்டது பந்துவீச்சாளரின் விக்கெட்தான், காக்கப்பட்டது பேட்ஸ்மேனுடையதுதான்.

பழைய டெஸ்ட் ஸ்கோர்கார்டுகளைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. யார் நைட் வாட்ச்மேனாக வந்தார் என்று ஸ்கோர்கார்டில் எழுதியிருக்காது. நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவே பந்துவீச்சாளர் ஒருவரின் பெயர் தென்பட்டால் சற்று நின்று பாருங்கள். அவருக்குக் கீழே பெயர்பெற்ற பேட்ஸ்மேன் ஒருவர் வழக்கத்தைவிட ஓரிடம் தள்ளி இருப்பார். முந்தைய நாள் ஆட்ட முடிவின் ஸ்கோரையும், விக்கெட் விழுந்தபோது இருந்த ஸ்கோரையும் ஒப்பிட்டு, இரண்டும் சில ரன் வித்தியாசத்தில் இருந்தால் வந்தவர் நைட் வாட்ச்மேன் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். தேடிப் பழக நல்ல இடம், பாடிலைன் தொடர் என்று பெயர்பெற்ற 1932–33 தொடரின் கடைசி டெஸ்ட். சிட்னியில் நடந்த அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் நான்காம் இடத்தில் ஹரால்ட் லார்வுட் என்ற பெயர் இருக்கும். அந்தத் தொடரில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்களை நடுங்கவைத்த அதே வேகப்பந்து வீச்சாளர். மாலையில் கேப்டன் ஜார்டின் அனுப்பி இறங்கியவர், மறுநாள் 98 ரன் வரை போனார்.